கோணேசர் ஊர்வலப் படம்: பயத்தை எந்தக் கோட்டில் வைப்பது?

கோட்டையடிப் பொடியன் | வெள்ளி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். படம் இணைத்திருக்கிறேன். முதலில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்கள் வாசிகசாலைக்காக வரைவது. 1622இல் சித்திரைப் புத்தாண்டன்று திருகோணமலையில் கோணேசர் ஊருக்குள் எழுந்தருள, சனமெல்லாம் சுவாமிக்குப் பின்னால் போய்விட, மலையில் கோயில் வெறிச்சோடிக் கிடந்த நேரம் பார்த்துப் பறங்கிப் படையாள்கள் ஐயர் வேடத்தில் உள்ளே புகுந்தார்கள் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறோமே, அந்தக் காட்சி. ஏ2 கார்ட்ரிட்ஜ் தாள், டிப் பேனா, அழுத்தினால் கோடு தடிக்கிற ஜி நிப், கறுப்பு இந்தியன் மை. நிறம் கிடையாது. பிறகு ஏ4 அளவுக்குச் சுருக்கி ஸ்கிரீன் பிரிண்டில் 100 பிரதி போடுவதாகப் பேச்சு.

பென்சிலில் நன்றாகத்தான் இருந்தது. மை போட்டு முடித்ததும் அம்மா பார்த்துவிட்டு, "நல்ல வடிவா இருக்கு, இது எந்தத் திருவிழா?" என்று கேட்டா. அதோடு நித்திரை போய்விட்டது. இது திருவிழாப் படம் இல்லையே! சரி, பயம் வரவேண்டும் என்று மூன்று இரவு இருந்து வானம் முழுக்கக் குறுக்குக் கோடு அடித்துக் கறுப்பாக்கினேன். திரும்பவும் அம்மாவிடம் காட்டினேன். "மழை வரப்போகுதோ?" என்றா.

இனி என்ன செய்வது? தயவுசெய்து "அருமை தம்பி" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

உப்புவெளி 77 | வெள்ளி, இரவு 9.52

அருமை தம்பி.

மைக்கூடு | வெள்ளி, இரவு 11.15

தம்பி, அந்த வானத்தை எடுத்துவிடுங்கள். மூன்று இரவு உழைப்பு என்று விளங்குகிறது, என்றாலும் எடுங்கள்.

ஊர்வலத்தில் வருகிற ஒருவருக்கும் என்ன நடக்கப்போகிறது என்று தெரியாது. பார்க்கிற எங்களுக்குத்தான் தெரியும். வானத்தைக் கறுப்பாக்கினால் அவர்களுக்கும் தெரிந்தது போல ஆகிவிடும். தெரிந்துகொண்டும் ஏன் சிரிக்கிறார்கள் என்று பார்க்கிறவர் குழம்புவார். அம்மா கேட்ட முதல் கேள்வியைக் குறை என்று எடுக்க வேண்டாம். அது திருவிழாதான். அவர்களுக்கு அன்று புதுவருடம்.

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் ஒரே கை. வானத்துக்கு 45 பாகையில் போட்ட அதே கோடுதான் பாறைக்கும், வேட்டி மடிப்புக்கும், ஒரு கிழவரின் கன்னத்துக்கும். அப்புறம் பாறை எப்படிப் பாறையாக இருக்கும்?

நல்லதையும் சொல்கிறேன். வலப்பக்கத்தில் தகப்பனின் தோளில் ஒரு பிள்ளை இருக்கிறதே, அதன் கையைப் பாருங்கள். தோளில் மெல்லத் தொடங்கி, முழங்கையில் நிப்பை அழுத்தி, விரல் நுனியில் கையை எடுத்துவிட்டிருக்கிறீர்கள். விரல் மூடவேயில்லை. அந்தக் கை அசைகிறது. அதை வரையும்போது நீங்கள் ஒன்றையும் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்தது சுவாமியைக் காவுகிற தடி. ஸ்கேல் வைத்துப் போட்டீர்களா?

கோட்டையடிப் பொடியன் | வெள்ளி, இரவு 11.31

ஓம் அக்கா, ஸ்கேல்தான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

தவில்வீடு | சனி, காலை 6.20

அதை நான் சொல்கிறேன். நான் சுவாமி காவியவன். அந்தத் தடி ஒரு நாளும் நேராக இருக்காது. பாரம் நடுவில் இறங்கும், இரண்டு நுனியும் ஒரு சொட்டு மேலே எழும்பும். தோளில் சும்மாடு நசிந்து பிதுங்கும். தடி போகிற தோள் தாழ, மற்றத் தோள் தன்பாட்டில் உயரும், கழுத்து ஒரு பக்கம் சாயும். உங்கள் படத்தில் நாலு பேரும் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு போவது போலப் போகிறார்கள். சுவாமிக்கு நிறையே இல்லை.

கோபிக்க வேண்டாம். சாமிக்கு நிறை இல்லாவிட்டால் பிறகு என்ன பயம்?

ஆலடி | சனி, காலை 8.05

மைக்கூடு சொன்ன வானம் பற்றிய கருத்து சரி. நான் சரித்திரப் பக்கம் மூன்று விடயம் சொல்லிவிடுகிறேன், பிறகு வரைபவர்கள் கதையுங்கள்.

ஒன்று. பின்னால் கோட்டை வாசலை வரைந்து, தூணில் பாண்டியரின் இரட்டைக் கயல் சின்னத்தையும் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கோட்டையே கோயிலை இடித்த கல்லில் பிறகு எழும்பியது. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா காலத்து வேலை, 1624 வாக்கில். கயல் பொறித்த கல் இன்று வாசலில் நிற்பது, அது கோயிலின் கல் என்பதனால்தான். நீங்கள் வரைகிற நாளில் அந்தக் கல் கோயிலில்தான் இருந்திருக்கும். பிரெட்ரிக் கோட்டை என்ற பெயர்கூட 1803இல் இங்கிலீசுக்காரன் வைத்தது.

இரண்டு. மலையில் நீங்கள் போட்டிருப்பது இன்றைய கோபுரம். இன்றைய கோயில் 1963இல் குடமுழுக்குக் கண்டது. பழைய தலத்தைப் பற்றி எழுதிய போர்த்துக்கேயப் பாதிரியார் கெய்ரோஸ் மூன்று கோயில்களைக் குறிப்பிடுகிறார். ஒற்றைக் கோபுரத்தை எடுத்துவிட்டுத் தூரத்தில் மூன்று உருவங்களை வையுங்கள்.

மூன்று. உடுப்பு. சனத்தில் பாதிப் பேருக்கு இந்தக் காலத்துச் சால்வைக் கட்டு. எசாயஸ் பூர்ஸ் என்ற ஒல்லாந்தர் 1662இல் இலங்கையில் சாதாரண ஆட்களைப் பார்த்து வரைந்த குறிப்பேடு ஆம்ஸ்டர்டாமில், ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்திலும் பார்க்கலாம். உங்கள் காட்சிக்கு 40 வருடம் பிந்தியதுதான், ஆனாலும் எங்கள் கலண்டர்ப் படங்களைவிடக் கிட்ட.

மற்றும்படி, மலையை நீங்கள் நன்றாகக் கறுப்பாகப் போட்டது எனக்குப் பிடித்தது. கோயில்தான் இந்தப் படத்தின் உயிர். அதற்குப் பாரம் வேண்டும்.

நிலாவெளிக் காற்று | சனி, காலை 8.40

எனக்கு வரையத் தெரியாது, கடல்தான் தெரியும். கொடியெல்லாம் ஏன் இப்படிப் படபடவென்று பறக்கிறது? வாடைக் காற்று முடிந்து கச்சான் காற்று இன்னும் பிடிக்காத காலம் அது. சித்திரை பிறக்கிற நாட்களில் மத்தியானம் கடல் எண்ணெய் ஊற்றினது போலக் கிடக்கும். கொடி தொங்கும். வேர்வை வடியும்.

நிழலையும் பாருங்கள். எல்லோருக்கும் பின்னால் நீள நீளமாக நிழல். அந்த நாட்களில் உச்சிப் பொழுதுக்கு வெளியில் நின்று உங்கள் நிழலைத் தேடிப் பாருங்கள், காலுக்குக் கீழேதான் கிடக்கும்.

ஆலடி | சனி, காலை 9.10

நிலாவெளி சொல்வது மெத்தச் சரி. திருகோணமலை வட அகலக்கோடு எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் நாட்களை ஒட்டித்தான் சூரியன் நண்பகலில் ஏறக்குறைய எங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். வெறும் கண்ணுக்கு நிழல் இல்லை என்றே சொல்லலாம். இத்தனை வருடம் படிப்பித்தும் எனக்கு இது படத்தில் தெரியவில்லை.

மைக்கூடு | சனி, முற்பகல் 11.50

நிலாவெளி அண்ணா, நீங்கள் வரையத் தெரியாது என்று சொல்லிவிட்டு இந்தப் படத்துக்கு வழி காட்டிவிட்டீர்கள்.

தம்பி, யோசியுங்கள். காற்று இல்லை, நிழல் இல்லை. வானம் வெறும் தாள். கொடி ஒவ்வொன்றும் நேரே கீழே விழுகிற ஒரு கோடு. குடைக்குக் கீழே மட்டும், காலடியில் மட்டும், கட்டிக் கறுப்பாக ஒரு சொட்டு மை. மற்றதெல்லாம் வெள்ளை. இருட்டைக் காட்டித்தான் பயமுறுத்த வேண்டுமென்று யார் சொன்னது? நண்பகலில் ஒருவரும் இல்லாத தெருவில் நடந்து பார்த்திருக்கிறீர்களா?

இனிக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், சனிக்கிழமைதானே.

தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில், சோழர் கால ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அதில் சுந்தரர் வெள்ளை யானையில், சேரமான் பெருமாள் குதிரையில், கயிலைக்குப் போகிறார்கள். நான் பார்த்தது அச்சில்தான். திரும்பி வராத பயணம் அது. இந்த உலகத்தை விட்டே போகிறார்கள். ஆனால் ஒரு கோட்டிலாவது துக்கம் இருக்கிறதா? குதிரையின் கழுத்திலும் யானையின் முதுகிலும் கோடு ஒரே மூச்சில் போகிறது. போகிறவர்களின் மனதைக் கோடு சொல்கிறது, முடிவை நாங்கள்தான் மனதில் கொண்டுவருகிறோம். உங்கள் படத்துக்கும் இதுதான் வழி என்று எனக்குப் படுகிறது. உங்கள் ஆட்களுக்கு அந்தச் சந்தோசத்தை முழுதாகக் கொடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

இதற்கு நேர்மாறான ஒன்று, ஜெர்மன் மன்னன் மாக்சிமிலியன் செய்வித்த வெற்றி ஊர்வலம். மரத்தில் செதுக்கி அச்சடித்தது. 130க்கு மேற்பட்ட கட்டைகள், சேர்த்து ஒட்டினால் 50 மீட்டருக்கும் கூட நீளம். மன்னன் 1519இல் செத்துப்போனான், அச்சானது 1526இல். ஹன்ஸ் புர்க்மையர் அதில் பாதிக்கு வரைந்தார். கோழிக்கோட்டு மக்கள் என்று சொல்லி எங்கள் பக்கத்து ஆட்களையும் யானையோடு சேர்த்துக்கொண்டிருக்கிறார்! அவர் கோடு மிடுக்கானது. ஒவ்வொரு ஆளும் மார்பை நிமிர்த்திக்கொண்டு, பின்னால் வெறும் வெள்ளை. ஆனால் வாலுக்கு வந்து பாருங்கள். கடைசியில் மூட்டை முடிச்சோடு வருகிற கூட்டத்தை ஆல்ப்ரெக்ட் ஆல்டோர்ஃபர் என்பவர் வரைந்தார். அங்கே வரிசை குலைகிறது, பின்னால் திடீரென்று மரங்கள், காடு. கோடு சிக்குப்பட்ட நூல் மாதிரி ஆகிவிடுகிறது. வெற்றி ஊர்வலம் என்றுதான் பெயர், வாலில் களைப்புத் தெரிகிறது. ஒரே ஊர்வலத்தில் முன்னுக்கு ஒரு மனநிலை, பின்னுக்கு இன்னொன்று. கை மாறியதால் தானாக வந்தது அது. நீங்கள் வேண்டுமென்றே கையை மாற்றுங்கள்.

என் யோசனை: ஊருக்குக் கிட்ட வர வரக் கோடு ஊதி மெலிந்து உயிரோடு இருக்கட்டும், அந்தப் பிள்ளையின் கை மாதிரி. மலைக்குக் கிட்டப் போகப் போக அழுத்தம் குறைந்து, கோயிலுக்கு வரும்போது ஒரே தடிப்பில், மெல்லியதாக, ஓலையில் எழுத்தாணி கீறியது போல. எழுத்தாணிக் கோட்டில் அழுத்தம் மெலிவு தெரியாது, கீறிவிட்டுக் கரி பூசுவதுதான். கை நடுங்கியதா சிரித்ததா என்று அது காட்டிக்கொடுக்காது. ஆள் இல்லாத கோயிலுக்கு அப்படி ஒரு கோடு பொருந்தும்.

ஆலடி சேர், கோயிலைக் கறுப்பாக்குவதற்கு நான் உடன்பாடில்லை.

ஆலடி | சனி, நண்பகல் 12.30

நானும் விடுவதாக இல்லை. மெல்லிய கோட்டில் போட்டால் கோயில் தூரத்து முகில் மாதிரி ஆகிவிடும். இல்லாமல் போகப்போகிற பொருளுக்குத்தான் அதிக பாரம் கொடுக்க வேண்டும். அது கல், அம்மா. கடலுக்கு மேலே நிற்கிற கல். சம்பந்தர் "குரைகடல்" என்று பாடினாரே, அந்தக் கடலின் சத்தத்துக்கு ஈடு கொடுத்து நின்ற கல். எழுத்தாணிக் கீறலில் அது வராது.

கோட்டையடிப் பொடியன் | சனி, பிற்பகல் 3.45

இரண்டு விதமாகவும் சின்னதாகப் போட்டுப் பார்த்தேன், இணைத்திருக்கிறேன்.

கறுப்புக் கோயில்: வில்லன் வீடு மாதிரி வருகிறது. ஊர்வலம் அதிலிருந்து தப்பி ஓடுகிறது போல. சேர், மன்னிக்கவும்.

மெல்லிய கோயில்: ஏற்கெனவே இடித்து முடித்துவிட்டார்கள். அக்கா, நீங்களும் மன்னிக்கவும்.

உப்புவெளி 77 | சனி, பிற்பகல் 4.10

இரண்டு பெரியவர்களும் அச்சை மறந்துவிட்டீர்கள். ஏ2 ஏ4 ஆனால் எல்லாம் பாதி. 0.3 மில்லிமீட்டர்க் கோடு 0.15 ஆகும். ஸ்கிரீனில் அது நிற்காது, பாதி விழும், மீதி பல்லிளிக்கும். சாம்பல் நிறம் போடலாம் என்று தண்ணீர் கலந்தும் வைக்காதீர்கள். ஒன்று கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. ஒரு முறை ஒரு மலருக்கு நான் போட்ட படத்தில் ஆற்றங்கரை முழுக்க மெல்லிய கோடு. அச்சடித்தவர்கள் எனக்குச் சொல்லவேயில்லை. புத்தகம் கையில் வந்தபோது ஆறு இல்லை, ஓடம் மட்டும் நிற்கிறது.

ஆகவே மெல்லியதாக்காதே, விட்டுவிட்டுப் போடு. கோடு தடிப்பாகவே இருக்கட்டும், மூலைகள் மூடாமல் இருக்கட்டும்.

மைக்கூடு | சனி, பிற்பகல் 4.35

விட்டுவிட்டுப் போடு! ஓம். கல்லின் தடிப்பும் இருக்கும், உள்ளே காலி என்பதும் தெரியும். வெயில் படுகிற பக்கத்துக் கோட்டை வெயில் தின்றுவிட்டது போல விடலாம். மேல் விளிம்பு முழுக்க இல்லை, கீழ் விளிம்பு மட்டும்.

பயந்துகொண்டு விடாதீர்கள் தம்பி. நிப்பை எடுக்கும் இடத்தில் கோடு கூராக முடிந்தால் கை தயங்கியது போல இருக்கும். வெட்டியது போல நிற்க வேண்டும்.

ஆலடி | சனி, பிற்பகல் 5.00

பரீட்சித்துப் பார்க்கலாம். இன்னும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை.

நிலாவெளிக் காற்று | சனி, பிற்பகல் 5.20

நடுவில் ஒரு கேள்வி. கணவாய் மை பாவிக்கலாமா? எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒரு கலன் கடலிலேயே கழுவி ஊற்றுகிறோம்.

மைக்கூடு | சனி, பிற்பகல் 5.32

செபியா என்று சொல்வதே அதுதான் அண்ணா, கணவாய்ப் பையை உலர்த்தி எடுப்பது. அழகான மண்ணிறம், ஆனால் வெளிச்சத்தில் மங்கும். எங்கள் பழைய கடுக்காய், அன்னபேதி மையும் காலம் போகப் போகப் பழுப்பேறித் தாளையும் அரிக்கும். புகைக்கரி மைதான் அப்படியே நிற்கும். இந்த வேலைக்கு வேண்டாம். ஒரு போத்தல் எனக்கு எடுத்து வையுங்கள்.

தவில்வீடு | சனி, இரவு 8.15

கோடு கோடு என்று கதைக்கிறீர்கள், இடைவெளியை ஒருவரும் பார்க்கவில்லை.

ஊர்வலம் றெயில் மாதிரிப் போகாது. சந்தியில் நிற்கும். சுவாமி நிற்க, மேளம் திரும்பிச் சுவாமியைப் பார்த்து வாசிக்கும். முன்னால் கொடி பிடித்த பொடியன்கள் கவனிக்காமல் இருபது அடி போய்விடுவார்கள், பிறகு திரும்பிப் பார்த்து நிற்பார்கள். பின்னால் சனம் முட்டிக்கொண்டு நெருங்கும். ஆகவே முன்னால் ஐதாக, மேளத்தடியில் கட்டியாக, சுவாமியைச் சுற்றி ஒரு வெறுமை (ஆலவட்டக்காரருக்கு இடம் வேண்டும்), பிறகு அடர்த்தி, கடைசியில் கிழவிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் இரண்டொருவராக. உங்கள் படத்தில் எல்லோருக்கும் நடுவில் ஒரே அளவு இடம். தாளக்கட்டை மாதிரி ஒரே அடி. அதில் தீர்மானம், அந்த முத்தாய்ப்பு, எங்கே வரும்?

அந்தக் கடைசிக் கிழவிக்கும் மலைக்கும் நடுவில் எவ்வளவு வெறும் தாள் விடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாசித்து நிறுத்தினால், நிறுத்தினதும் வாசிப்புத்தான்.

கோட்டையடிப் பொடியன் | சனி, இரவு 8.40

தவில்வீடு அண்ணா, இதை அச்சடித்து மேசைக்கு மேலே ஒட்டப் போகிறேன்.

உப்புவெளி 77 | சனி, இரவு 9.05

எனக்கு இன்னொரு இடைஞ்சல். எல்லோரும் இடமிருந்து வலமாக ஓடுகிறார்கள். கண்ணும் அதே பக்கம் ஓடி, மலையை ஒரு நொடியில் தாண்டி, வலது மூலையால் விழுந்துவிடுகிறது. மலை பின்னுக்கு விடுபட்ட ஒன்றாக நிற்கிறது.

ஆலடி | சனி, இரவு 9.30

தம்பி வடக்கே நின்று பார்க்கிறார், அதனால்தான். படத்தில் மலை இடது பக்கம் வருகிறது. மலை கிழக்கே, ஊர் மேற்கே. ஒல்லாந்தர் குடாவில், அதாவது தெற்கே நின்று பார்த்தால் மலை வலது பக்கம் வரும், ஊர்வலம் வலமிருந்து இடமாக வரும். இது கற்பனை இல்லை, நாளைக்குப் போய் மணலில் நின்று பாருங்கள்.

மைக்கூடு | சனி, இரவு 9.41

சேர்!!

தமிழ் வாசிக்கிற கண் இடது பக்கத்திலிருந்துதான் புறப்படும். முதலில் ஊர், கொடி பிடித்த பொடியன்கள், மேளம், சுவாமி, சனம், கிழவி, வெறும் தாள்... கடைசியில் கோயில். ஊர்வலம் கோயிலை விட்டு வருகிறது, எங்கள் கண் ஊர்வலத்துக்கு எதிராக நடந்து கோயிலுக்குப் போகிறது. அங்கே போய்ச் சேர்கிறவர்கள் நாங்களும் அந்த வேடக்காரர்களும் மட்டும்தான்.

கோயிலுக்கு வேண்டிய பாரமும் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. கறுப்பு இல்லாமலே.

ஆலடி | சனி, இரவு 9.50

இப்போது சம்மதம்.

கோட்டையடிப் பொடியன் | ஞாயிறு, காலை 10.20

காலையில் ஒல்லாந்தர் குடாவுக்குப் போனேன். உண்மைதான். சின்னக் குறிப்பு ஒன்று போட்டுக்கொண்டு வந்தேன். கடலைக் கோட்டால் நிரப்பாமல் ஏழெட்டுக் கிடைக்கோடு மட்டும், அதுவும் விட்டுவிட்டு.

இப்போது சிக்கல் அந்த வேடக்காரர்கள். அவர்களைக் காட்டுவதா விடுவதா? மலையேறுகிற பாதையில் மூன்று பேர், எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு போகிறார்கள். வாள் ஒன்று வேட்டிக்கு வெளியே தெரிகிற மாதிரி வைத்தேன். நாடகம் மாதிரி இருக்கிறது.

சிவநெறி | ஞாயிறு, காலை 10.45

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒன்று கேட்கிறேன். ஐயர்மார் கோயிலைக் கொள்ளையடிக்கப் போவது போலத்தானே சின்னப் பிள்ளைகளுக்கு இது தெரியப்போகிறது? வாசிகசாலையில் தொங்கவிடுகிற படம். கொஞ்சம் யோசியுங்கள்.

மைக்கூடு | ஞாயிறு, முற்பகல் 11.20

நியாயமான கேள்வி. வாளைத் தூக்கிவிடுங்கள் தம்பி. வேறு மையும் வேண்டாம், வேறு கோடும் வேண்டாம். மற்ற ஆட்களை எப்படி வரைந்தீர்களோ அப்படியே இவர்களையும் வரையுங்கள், அதே சந்தோசக் கோட்டில். பூணூலை மட்டும் தோள் மாற்றிப் போடுங்கள்.

முதுகுப் பக்கம் என்பதனால் இப்படி: சரியான பூணூல் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு இறங்கும். இவர்களுக்கு வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு. தெரியாதவன் கட்டினால் அப்படித்தான் கட்டுவான். ஆளுக்கு ஒரே ஒரு கோடு. சிவநெறி ஐயாவின் கேள்விக்கும் அதுவே பதில், இவர்கள் ஐயர்மார் இல்லை என்று அந்தக் கோடுதான் சொல்லும்.

சிவநெறி | ஞாயிறு, முற்பகல் 11.48

திதி கொடுக்கும்போது அப்படித்தான் மாற்றிப் போடுவார்கள். வருடப் பிறப்பில் தர்ப்பணமும் உண்டு. அதற்குப் போகிறார்கள் என்றுகூட ஒருவர் நினைக்கலாம்.

மைக்கூடு | ஞாயிறு, முற்பகல் 11.55

நினைக்கட்டும் ஐயா. அதுவும் நல்லதுதான்.

சிவநெறி | ஞாயிறு, நண்பகல் 12.10

ம்ம். சரி, போடுங்கள்.

கோட்டையடிப் பொடியன் | புதன், இரவு 10.30

புதிய தாளில் முழுதாகப் போட்டுவிட்டேன், இணைப்பைப் பாருங்கள். காவுதடியைக் கையாலேயே போட்டேன், ஒரே மூச்சில், ஏழாவது தடவை சரி வந்தது. (ஆறு தடவையும் பழைய தாளில்.) அந்தக் கடைசிக் கிழவிக்குப் பின்னால் ஒரு சாண் வெறும் தாள் விட்டிருக்கிறேன். விடும்போது வயிறு கலங்கியது, அவ்வளவு தாளை வீணாக்குகிறேனே என்று. தோளில் இருக்கிற பிள்ளையை மட்டும் பழைய படத்திலிருந்து லைட் மேசையில் வைத்து எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. பார்த்து எழுதின கை செத்துப்போய்விட்டது. கடைசியில் பார்க்காமல் போட்டேன்.

அம்மாவுக்கு ஒன்றும் சொல்லாமல் காட்டினேன். "நல்ல வெயில்" என்றா. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு, "கோயிலில ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டா.

நிலாவெளிக் காற்று | புதன், இரவு 10.44

கொடி இப்போதுதான் சரி. எனக்கு வேர்க்கிறது.

ஆலடி | வியாழன், காலை 7.30

நன்று. மூன்றாவது கோயிலின் விளிம்பை இன்னும் ஒரு துண்டு மூடலாமோ என்று தோன்றுகிறது. வற்புறுத்தவில்லை.

தவில்வீடு | வியாழன், காலை 7.50

தவில்காரரின் இடதுகையில் கம்பு, வலதுகையில் விரல் கூடு. கவனித்துப் போட்டிருக்கிறீர்கள், சந்தோசம்.

உப்புவெளி 77 | வியாழன், காலை 9.15

தம்பி, ஸ்கிரீன் போடுகிறவரிடம் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். படத்தில் எழுத்து ஒன்றும் இல்லை. பிலிமை மறுபக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள் என்றால் ஒருவருக்கும் தெரியாது. ஊர்வலம் திரும்பவும் வலது பக்கம் ஓடும், தவில்காரர் இடதுகைக்காரர் ஆகிவிடுவார், அந்த மூன்று பேரின் பூணூலும் சரியான தோளுக்கு வந்துவிடும்.

கோட்டையடிப் பொடியன் | வியாழன், காலை 9.22

ஐயோ அண்ணா. இப்போதே பிலிமின் ஓரத்தில் "இந்தப் பக்கம் மேலே" என்று எழுதுகிறேன்.